அவரைக்கொடியைக் காத்த அணில்

உசிலங்காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு மருதமரம். அந்த மரத்துப் பொந்தில் மருதாயி என்ற பெண் அணில் குடியிருந்தாள்.

மருதாயி நல்லவள். கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. யாராவது பேச ஆரம்பித்தால் போதும், "அதுதான் எனக்குத் தெரியுமே" என்று மீதியை இவளே சொல்லி முடித்துவிடுவாள். பெரும்பாலும் தப்பாகத்தான் முடிப்பாள். ஆனாலும் காட்டில் யாரும் அவளைக் கோபித்துக்கொண்டது கிடையாது. மனசில் கள்ளமில்லாதவளை எப்படிக் கோபிப்பது?

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் அவளுக்குப் பிள்ளைகள் பிறந்தன. மழை விடவேயில்லை. பக்கத்தில் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. குளத்துக்கு அக்கரையில் இருந்த அத்திமரம் வரைக்கும் நனைந்துகொண்டே போய் வர வேண்டியிருந்தது. அவள் திரும்புவதற்குள் பொந்து சில்லிட்டுப் போகும். உடம்பில் பாலும் வற்றிப்போனது. மழை விட்டபோது பொந்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

இந்த வருஷம் அப்படி நடக்க விடக்கூடாது என்று முடிவு செய்தாள். பிள்ளை பெறுகிற நேரத்தில் தீனி வாசலிலேயே இருக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று யோசித்தாள். காட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் அவரைப் பந்தல் பார்த்திருந்தாள். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அது காய்த்துக்கொண்டே இருக்கும். அங்கே போய் முற்றிய நெற்று ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தாள்.

ஆடி மாதம் முதல் மழை பெய்ததும் மருதமரத்தடியில் குழி பறித்து விதைகளைப் புதைத்தாள். விதையைப் புதைப்பதும், புதைத்த இடத்தை மறப்பதும் அணில்களுக்குப் பழக்கம். மருதாயி மறக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாலைக் குளத்தில் நனைத்துக்கொண்டு வந்து குழியில் உதறுவாள். மறுபடியும் ஓடுவாள். மறுபடியும் உதறுவாள்.

விதை முளைத்தது. கொடி நீண்டது. கருவேலங்குச்சிகளை இழுத்து வந்து நட்டாள். தேங்காய் நாரால் கட்டி, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் குச்சி பரப்பி, சின்னதாக ஒரு பந்தல் போட்டாள். கொடியைத் தன் இஷ்டத்துக்கு வலப்பக்கமாகக் குச்சியில் சுற்றிவிட்டாள். மறுநாள் பார்த்தால் கொடி அவிழ்ந்து தரையில் கிடந்தது.

வேலியில் இருந்த ஓணான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கொடிக்கு ஏற வழி தெரியும் மருதாயி. நீ குச்சியை மட்டும் காட்டு" என்றது.

"எனக்குத் தெரியுமே" என்றாள் மருதாயி. ஆனாலும் அது சொன்னபடியே செய்தாள். கொடி இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு தானே ஏறியது. பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டாள். பக்கக் கிளைகள் வெடித்துப் பந்தல் முழுவதும் படர்ந்தன.

புரட்டாசியில் பந்தல் பச்சைக் குடையாக நிறைந்துவிட்டது. அங்கங்கே ஊதா மொட்டுகள் தலைகாட்டின. மருதாயிக்கும் வயிறு கனக்கத் தொடங்கியிருந்தது. தினமும் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்து, "சீக்கிரம் காய்ச்சிடு ராசா, சீக்கிரம் காய்ச்சிடு" என்று கொடியிடம் சொல்வாள்.

அப்படி ஒரு நாள் காலையில் பொறிவண்டு ஒன்று பந்தலில் வந்து இறங்கியது. பளபளக்கும் சிவப்பு முதுகு. அதில் கறுப்புப் பொட்டுகள்.

"அக்கா, இந்தப் பந்தல் உங்களுதா?" என்று கேட்டது.

"என்னுதுதான். ஆடியில விதைச்சேன். வாலால தண்ணி ஊத்தினேன். நீ யாரு தங்கச்சி? எந்தப் பக்கம்? இவ்வளவு அழகா இருக்கியே, கண்ணு பட்டுடப்போகுது."

பொறிவண்டு வெட்கப்பட்டது. "என் பேரு செம்பாயி. எனக்கு முட்டை வைக்க இடம் வேணும் அக்கா. உங்க கொடியைப் பாத்ததும் பிடிச்சுப்போச்சு. இலைக்கு அடியில வெச்சுக்கட்டுமா?"

மருதாயியின் மனம் இளகிவிட்டது. அவளும் பிள்ளைத்தாய்ச்சிதானே.

"இதையெல்லாம் கேக்கணுமா? எவ்வளவு வேணும்னாலும் வெச்சுக்கோ."

செம்பாயி ஒரு இலையின் அடிப்பக்கம் போய், மஞ்சள் முட்டைகளை நெருக்கமாக நிறுத்தி வைத்தாள். கம்பு மணியைவிடச் சின்ன முட்டைகள். வைத்து முடித்துவிட்டு மருதாயியிடம் வந்தாள்.

"அக்கா, எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. நாங்க முட்டைகிட்டயே இருக்க மாட்டோம். பிள்ளைங்களுக்குத் தீனி எங்க இருக்கோ அங்க வெச்சுட்டுப் போயிடுவோம். அதுங்களே பொரிஞ்சு, அதுங்களே தின்னு வளரும். இறக்கை முளைக்கிற சமயத்துல வந்து பாப்போம்."

"தாய் பக்கத்துல இல்லாமயா? அதெப்படி விட முடியும்? நான் எதுக்கு இருக்கேன்? உன் முட்டைக்கு நான் காவல். போதுமா?"

செம்பாயிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளிடம் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. "ரொம்ப சந்தோஷம் அக்கா. ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். என் பிள்ளைங்க பொரிஞ்சு வெளிய வந்ததும் பாத்தீங்கன்னா..."

"தெரியுமே! உன்னை மாதிரியே இருக்கும். குட்டிக் குட்டியா, சிவப்பா, பொட்டு வெச்சுக்கிட்டு. பாத்ததுமே கண்டுபிடிச்சுட மாட்டேனா?"

"இல்லக்கா, அது வந்து..."

"நீ கவலைப்படாம போயிட்டு வா தங்கச்சி. மேகம் மூடுது பாரு. நனைஞ்சா உன் இறக்கை என்னத்துக்கு ஆகும்?"

செம்பாயி ஒரு கணம் தயங்கி நின்றாள். அன்று அவள் இன்னொரு தரம் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் மருதாயி அதற்குள் மேகத்தைப் பற்றியும், போன வாரக் காற்றைப் பற்றியும் பேசிக்கொண்டே போனாள். இவ்வளவு அன்பாக இருக்கிறவளிடம் எதை வற்புறுத்திச் சொல்வது என்று செம்பாயி நினைத்தாள். சிரித்துவிட்டுப் பறந்து போனாள்.

அதே வாரம் எறும்புகள் வந்தன.

எறும்புகளைப் பற்றி நாம் நல்லதாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். சுறுசுறுப்பு, ஒழுங்கு, சேமிப்பு. எல்லாம் உண்மைதான். அவை யாருக்காக இவ்வளவு பாடுபடுகின்றன என்று மட்டும் நாம் கேட்பதில்லை. மருதாயியும் கேட்கவில்லை. கருவேலங்குச்சியில் கறுப்புக் கோடு இழுத்தது போல வரிசை தப்பாமல் ஏறி வந்த கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு மரியாதைதான் வந்தது.

கூட்டத்துக்குத் தலைவர் சாத்தப்பன் என்ற கட்டெறும்பு. "வணக்கம் தாயி" என்றார். "உங்க பந்தல்ல எங்க மாடுகளைக் கொஞ்சம் மேய விட்டிருக்கோம். தப்பா நினைக்கக் கூடாது."

"மாடா? எங்க?"

சாத்தப்பன் ஒரு கொழுந்தைக் காட்டினார். அதில் பச்சைப் புள்ளிகள் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தன. அவை செடிப்பேன்கள். கொடியின் சாற்றை உறிஞ்சுகிறவை. உறிஞ்சிவிட்டு இனிப்பாகச் சொட்டு விடும். அந்தச் சொட்டுக்குத்தான் எறும்புகள் அலைவது. பேன் எவ்வளவு பெருகுகிறதோ எறும்புக்கு அவ்வளவு பால்.

"பாவம், வாயில்லாத ஜீவனுங்க தாயி. இலையைக்கூடக் கடிக்கத் தெரியாது. ஒரு ஓரமா நிக்கும். அதுக்குப் பதிலா நாங்க உங்க பந்தலுக்கு ராப்பகலா காவல் இருக்கோம்."

இலையைக் கடிக்காது என்றது பொய்யில்லை. மருதாயிக்கு அது போதுமானதாக இருந்தது. "அதுக்கென்ன எறும்பண்ணே, நல்லா மேயட்டும்" என்றாள்.

மருதாயி தினமும் முட்டைகளைப் போய்ப் பார்த்தாள். காற்றடித்தால் இலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் பிரசவத்துக்குப் பொந்தில் மெத்தை போட நார் வேண்டுமென்று தோட்டத்துப் பக்கம் போனாள். வாய் நிறைய நாரோடு திரும்பி வந்து இலையைப் புரட்டினாள். அப்படியே திகைத்து நின்றுவிட்டாள்.

முட்டைகள் இல்லை. அந்த இடத்தில் புழுக்கள் இருந்தன. கறுத்த உடம்பு. முதுகெல்லாம் முள். முதலைக்குட்டியைச் சுருக்கி வைத்த மாதிரி ஒரு நீள உருவம். ஆறு கால்களால் இலையை இறுகப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தன.

அவைதான் செம்பாயியின் பிள்ளைகள். பொறிவண்டின் குஞ்சுகள் பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும். சிவப்பும் பொட்டும் பின்னால்தான் வரும். பிறந்ததும் முட்டை ஓட்டையே தின்று முதல் பசி ஆறுவது அவற்றின் இயல்பு. இதைத்தான் செம்பாயி சொல்ல வந்தாள்.

மருதாயியின் வாயிலிருந்து நார் கீழே விழுந்தது. "முட்டை எங்க? என் தங்கச்சி முட்டை எங்க?"

சாத்தப்பன் மெல்ல அருகே வந்தார். இந்தப் புழுக்கள் இன்றைக்கே பேன் வேட்டைக்குக் கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். தன் மாடுகள் ஒன்றுகூட மிஞ்சாது என்பதும் தெரியும். ஆனாலும் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"நானும் அதைத்தான் பாத்தேன் தாயி. காலையில அங்க முட்டை இருந்துச்சு. இப்ப அதே இடத்துல இதுங்க இருக்கு. முட்டையில ஒரு ஓடுகூட மிச்சமில்ல. வாயைப் பாருங்க, இன்னும் மென்னுக்கிட்டிருக்கு. நாங்க யாரையும் குறை சொல்றதில்ல. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."

 மருதாயிக்குப் போன வருஷத்துப் பொந்து நினைவுக்கு வந்தது. காவல் இருக்கிறேன் என்று சொன்ன வாக்கு நினைவுக்கு வந்தது.

"பச்சைப் பிள்ளைங்களைத் தின்னுட்டீங்களே பாவிகளா!" என்று கத்தினாள்.

புழுக்கள் பயந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றில் ஒன்று தலையைத் தூக்கியது. "அக்கா, நாங்கதான் அந்த..."

"பேசாதே! யாருக்கு யாரு அக்கா?"

வேலியிலிருந்த ஓணான் கொஞ்சம் இறங்கி வந்தது. "மருதாயி, அவசரப்படாதே. இந்த மாதிரிப் புழு இலை தின்னு நான் பாத்ததேயில்ல. ஒரு இலையில ஓட்டை இருக்கான்னு பாரு" என்றது.

"உனக்கென்ன? செம்பாயி முட்டையை உன் பொறுப்புலயா விட்டுட்டுப் போனா? என் பொறுப்புல விட்டுட்டுப் போனா."

ஓணான் தலையை ஆட்டியது. அது எப்போதும் தலையாட்டிக்கொண்டேயிருக்கும் என்பதால் அது ஆமாம் என்கிறதா, வேண்டாம் என்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்திருக்கலாம். நமக்கெதற்கு வம்பு என்று வேலிக்கே ஏறிப்போய்விட்டது.

மருதாயி அந்த இலையைக் காம்போடு கடித்தாள். வாயில் கவ்வியபடி குளத்துக்கு ஓடினாள். தண்ணீரில் இலையை உதறினாள். கெண்டைக்குஞ்சுகள் கூட்டமாக வந்தன. தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கி, பிறகு தெளிந்துவிட்டது.

திரும்பி வந்து பார்த்தால் ஒன்று மிச்சமிருந்தது. எப்படியோ தப்பித்து ஒரு கொடிச் சுருளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயில் பச்சையாக ஏதோ இருந்தது. அது பேன். கொடிக்கு அது செய்யத் தொடங்கிய முதல் உதவி. மருதாயி அதை இலை என்று நினைத்தாள். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அக்கா, எங்கம்மா வந்ததும் கேட்டுப் பாருங்க" என்றது புழு. 

"உங்கம்மா வரட்டும். வந்தா அவளுக்கும் இதே குளம்தான்" என்றாள் மருதாயி.

அதையும் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டாள். கை கால் கழுவினாள். பிறகு மருதமரத்தடியில் உட்கார்ந்து, செம்பாயியின் பிள்ளைகளுக்காக வெகுநேரம் அழுதாள்.

அதற்குப் பிறகு எறும்புகளின் பாடு கொண்டாட்டம்தான். கொழுந்தில் இருந்த பேன்கள் காம்புக்கு இறங்கின. காம்பிலிருந்து மொட்டுக்குப் போயின. பச்சைப் புள்ளியாக இருந்தது பச்சைப் படையாக ஆனது. இலைகள் சுருண்டன. தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அந்தப் பிசினில் கரி பூசினாற்போல் ஒரு கறுப்பு படிந்தது.

தேன் எடுக்க வந்த கருவண்டை எறும்புகள் கடித்துத் துரத்தின. பூக்கள் காய் பிடிக்காமலே உதிர்ந்தன. மருதாயி பந்தலில் ஏறினால் அவளையும் கடித்தன.

"எறும்பண்ணே, என் பந்தல்ல என்னையே கடிச்சா எப்படி?"

"மாடுங்க மிரளும் தாயி. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்றார் சாத்தப்பன். வணக்கம் சொல்வதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

"கொடி இப்படி வாடுதே?"

"கொடின்னா வாடத்தான் செய்யும்."

மருதாயிக்கு ஒன்றும் புரியவில்லை. வாலால் இன்னும் அதிகம் தண்ணீர் ஊற்றினாள். சுருண்ட இலைகளைக் கையால் நீவி நீவி விரித்துப் பார்த்தாள். அவை மறுபடியும் சுருண்டுகொண்டன. பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தது. ஒரு வெயில் வேளையில் செம்பாயி வந்தாள்.

இறங்கும்போதே ஆசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். "மருதாயிக்கா! பிள்ளைங்க எங்க? இறக்கை முளைச்சிருக்குமே இந்நேரம்."

மருதாயி தலை குனிந்தாள்.  பிறகு மெல்லச் சொன்னாள்.

"மன்னிச்சுடு தங்கச்சி. நான் நார் எடுக்கப் போயிருந்த நேரம் பாத்து வந்துடுச்சுங்க. கன்னங்கரேல்னு, முள்ளு முள்ளா, பாக்கவே சகிக்காத புழுங்க. உன் முட்டை எல்லாத்தையும் தின்னுடுச்சுங்க. ஆனா நான் சும்மா விடல. ஒண்ணு விடாம இழுத்துட்டுப் போய்க் குளத்துல போட்டேன். உன் பிள்ளைங்களுக்காகத்தான் போட்டேன்."

செம்பாயி அசையவில்லை. "கறுப்பா இருந்துச்சா அக்கா?"

"ஆமா."

"முதுகுல முள்ளு இருந்துச்சா?"

"ஆமா தங்கச்சி. அசிங்கமா..."

"ஓரத்துல லேசா மஞ்சள் புள்ளி இருந்திருக்குமே?"

மருதாயி யோசித்தாள். இருந்தது. அந்தக் கடைசிப் புழுவின் முதுகோரத்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் இருந்தன. அவள் பார்த்திருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது செம்பாயியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுங்கதான் அக்கா என் பிள்ளைங்க" என்றாள் செம்பாயி.

காற்று அடித்து ஒரு சுருண்ட இலை கீழே விழுந்தது. எறும்புகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அதெப்படி? நீ சிவப்பா இருக்கே. அதுங்க உன்னை மாதிரி கொஞ்சம்கூட இல்லையே" என்றாள் மருதாயி. 

செம்பாயி கோபப்படவில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டாள்.

"உங்க பிள்ளைங்க பிறக்கும்போது முதுகுல வரியோடவா அக்கா பிறக்குது?"

 மருதாயிக்குப் போன வருஷம் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்த பிள்ளைகள் கண்ணுக்குள் வந்தன. வரியில்லாத பிள்ளைகள். முடியில்லாத பிள்ளைகள். அவற்றை யாராவது அசிங்கம் என்று சொல்லியிருந்தால் அவள் குரல்வளையைக் கடித்திருப்பாள்.

"என்னைத் திட்டு தங்கச்சி. என்ன வேணும்னாலும் சொல்லித் திட்டு. எறும்பு சொன்னதைக் கேட்டேன். உன் பிள்ளை சொல்ல வந்ததைக் கேக்கல."

"என் பிள்ளை பேசுச்சா?"

"பேசுச்சு. அம்மா வந்ததும் கேட்டுப் பாருங்கன்னு சொல்லுச்சு."

செம்பாயி இறக்கையை ஒடுக்கிக்கொண்டாள். 

"வேற யாராவது பகையில பண்ணியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன் அக்கா. நீங்க என் பிள்ளைங்க மேல இருந்த பாசத்துல பண்ணிட்டீங்க. அதுக்கு நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடுவேன்?"

அவள் பறந்து குளத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினாள். தாமரை இலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காட்டுக்குள் போய் மறைந்தாள்.

மருதாயி பந்தலில் ஏறினாள். எறும்புகள் கடித்தன. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பேன் அப்பிய நுனிகளை எல்லாம் கடித்துக் கடித்துக் கீழே போட்டாள். சாத்தப்பன் கொஞ்ச நேரம் சத்தம் போட்டார். பிறகு, "இங்க இனிமே பால் இல்லை, நடங்க" என்று கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்து எருக்கஞ்செடிக்குப் போனார். போகும்போதும் வரிசை தப்பவில்லை.

பந்தலில் மிஞ்சியது குச்சியும், அடித்தண்டும், சொத்தையாக நாலைந்து காயும்தான்.

மழை பிடித்துக்கொண்டது. மழையோடு மருதாயிக்குப் பிள்ளைகள் பிறந்தன. இளஞ்சிவப்பாக, தோலுரித்த கிழங்கு போல, கண் திறக்காமல் நெளிந்தன. வரி இல்லை. வாலில் ஒரு மயிர்கூட இல்லை. ஓணான் பொந்து வாசலில் தலையை நீட்டி, "இதுவா உன் பிள்ளைங்க?" என்று கேட்டது.  மருதாயி வாலால் அவற்றைப் போர்த்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடியும் அத்திமரத்துக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. நல்லவேளையாக அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்தது. அவளுடைய பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன. முதுகில் வரி விழுந்தது. ஒவ்வொரு வரி தெளியும்போதும் மருதாயிக்குச் சந்தோஷம் பொங்கும். உடனே குளத்தின் நினைப்பு வந்து அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடாமல் செய்துவிடும். தன் பிள்ளைகள் அந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்க இறங்கினால் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த ஆடியிலும் அவள் அவரை விதைத்தாள். பந்தல் போட்டாள். கொடியில் என்ன பூச்சி வந்தாலும், எவ்வளவு விகாரமாக இருந்தாலும், அருகே போய்க் குனிந்து, "நீ யாரு பிள்ளை? எதைத் தின்னப்போறே?" என்று கேட்டாள். அது பதில் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காமல் காத்திருந்தாள். தின்பதை உட்கார்ந்து கண்ணால் பார்த்தாள்.

இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டியும் பார்ப்பாள். மஞ்சள் முட்டைகள் எங்காவது தென்படுமா என்று தேடுவாள். காட்டில் எத்தனையோ செடிகளில் பொறிவண்டுகள் வந்து முட்டை வைத்தன. மருதாயியின் பந்தலுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

பிள்ளைகளே, பெரியவர்களே, ஒருவரின் தோற்றத்தைப் பார்த்தும் அடுத்தவர் பேச்சைக் கேட்டும் முடிவு கட்டாமல் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் கேட்காமல் செய்துவிட்ட கொடுமையை அன்பினால் செய்தேன் என்று சொன்னாலும் அது கொடுமைதான்.